தோட்டா பேசிய பாட்டும் அதைப் பாடிய இருவரும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த கேள்வி இது: "அண்ணே, நானும் என் கூட்டாளியும் சுங்கை சிப்புட்டில் தமிழ் ராப் எழுதுகிறோம். ஆர்கனைஸ்டு கன்ஃபியூஷன் என்ற அமெரிக்க ஜோடியைப் பற்றி நீங்கள் அடிக்கடி பேசுவீர்கள். மூணே ஆல்பத்தோடு பிரிந்துவிட்டார்களாமே, சண்டையா? அப்புறம் ரெண்டு பேரும் என்ன ஆனார்கள்?"

தம்பி, சண்டை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் கேள்வியில் அதுதான் உன்னை உறுத்துகிறது என்று தெரிகிறது. பிரிந்து இரண்டு வருடம் கழித்து ஒருவர் வெளியிட்ட தனி ஆல்பத்தில் மற்றவர் வந்து பாடியிருக்கிறார், அதுவும் ஜோடியின் பழைய பெயரிலேயே. மிச்சத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அவர்கள் நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியின் சவுத் ஜமைக்கா என்ற இடத்துப் பிள்ளைகள். ஜமைக்கா தீவு இல்லை, குவீன்ஸில் ஒரு பேட்டை. ஒருவர் டிராய் ஜேமர்சன், மேடையில் ஃபாரோ மான்ச். மற்றவர் லாரன்ஸ் பாஸ்கர்வில், மேடையில் பிரின்ஸ் போயெட்ரி, பிற்காலத்தில் சுருக்கமாகப் பிரின்ஸ் போ. 1980களின் கடைசியில் வேறொரு பெயரில் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். அந்தச் சமயத்தில் அவர்களைக் கையில் எடுத்தவர் பால் சி என்ற ஒலிப்பதிவாளர். நான் பதிவு அறை வைத்துப் பிழைக்கிறவன், அதனால் இந்த மனிதரைத் தாண்டி என்னால் வேகமாகப் போக முடியாது.

அந்தக் காலத்தில் ராப் இசைக்கு எஸ்பி-1200 என்று ஒரு கருவி. 1987இல் வந்தது. பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டு தாளத்தை எடுத்து அதில் போட்டுக்கொண்டு, வெட்டி, மாற்றி அடுக்கிப் புதுத் தாளம் செய்வார்கள். மொத்தமாகப் பத்து விநாடிதான் அதில் கொள்ளும். ஒரு பாட்டுக்குத் தேவையான அத்தனை ஒலியும் அந்தப் பத்து விநாடிக்குள் அடங்க வேண்டும். அதற்கு அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இசைத்தட்டை வேகமாகச் சுழலவிட்டுப் பதிவு செய்வது, பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்து வாசிப்பது. இடமும் மிச்சம், ஒலிக்கும் ஒரு கரகரப்பு வந்துவிடும். 1990களின் நியூயார்க் ராப்பில் கேட்கிற அந்த மங்கலான, கனத்த தாளத்துக்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம். பால் சி இந்தக் கருவியில் கை தேர்ந்தவர். குவீன்ஸில் 1212 என்ற ஸ்டூடியோவில் வேலை செய்தார். அவரிடம் கற்றுக்கொண்டவர்களில் லார்ஜ் புரொஃபசர் என்ற ராப் தயாரிப்பாளரும் ஒருவர்.

1989 ஜூலையில் பால் சியை அவர் வீட்டிலேயே யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வயது 24. யார் செய்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. இதை மனதில் வைத்துக்கொள், பிறகு இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன்.

குருவை இழந்த இரண்டு பையன்களும் பெயரை ஆர்கனைஸ்டு கன்ஃபியூஷன் என்று மாற்றிக்கொண்டார்கள். ஒழுங்குபடுத்திய குழப்பம் என்று பொருள் சொல்லலாம். 1991இல் அதே பெயரில் முதல் ஆல்பம். ஹாலிவுட் பேசிக் என்ற சின்ன நிறுவனம் வெளியிட்டது. அதன் தாய் நிறுவனம் மிக்கி மவுஸின் வீடான டிஸ்னி. தாய் வீடு அவ்வளவு பெரியது, ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கென்று செலவழிக்க அங்கே ஆள் இல்லை. தாளத்தையும் பெரும்பாலும் இவர்களே செய்தார்கள். எழுதத் தெரிந்தவர்கள் அந்த ஆல்பத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், கடையில் மட்டும் பெரிதாக ஓடவில்லை. விற்பனையும் மதிப்பும் வேறு வேறு பாதையில் போகிற இந்தக் கதை இவர்களுக்குக் கடைசிவரை மாறவே இல்லை.

நான் முதலில் கேட்டது அதை இல்லை, இரண்டாவதை.

1995, எனக்குப் பதினாறு வயது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் பாதி நிரைகளில் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டாகிவிட்டது. மிச்சமிருந்த மரங்களில் அம்மா பால் வெட்டிக்கொண்டிருந்தார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், வெட்டி முடித்து, தோளில் காவடி மாதிரித் தூக்குகிற காண்டா வாளியில் பால் சுமந்து ஸ்டோரில் எடை போட்டுவிட்டு வீடு வர மதியமாகும். சிங்கப்பூரில் வேலை செய்த மாமா மகன் தீபாவளிக்கு வந்தபோது ஒரு கேசட் கொடுத்தார். அட்டை இல்லை, யாரோ நகலெடுத்தது, பேனாவால் எழுதிய பெயர் பாதி அழிந்திருந்தது. 1994இல் வெளியான "ஸ்ட்ரெஸ்" ஆல்பம் அது. அதில் "ஸ்ட்ரே புல்லட்" என்று ஒரு பாட்டு.

முதல் தடவை எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம். மலேசியத் தமிழ் வானொலியான வானொலி ஆறு கேட்டு வளர்ந்த காது. ஆனால் குரலில் என்னவோ பிடித்து இழுத்தது. பள்ளி நூலகத்திலிருந்து அகராதியை எடுத்து வந்து, ஒரு வரி ஓட்டி, நிறுத்தி, எழுதி, தேடி, இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு ராத்திரி திடீரென்று விளங்கியது. இந்தப் பாட்டில் பேசுவது மனிதன் இல்லை, தோட்டா! துப்பாக்கிக் குழாயிலிருந்து கிளம்பி, குறி தப்பி, வேறு யாரையோ துளைக்கப் போகிற தோட்டா தன் பயணத்தைத் தானே சொல்லிக்கொண்டு போகிறது. இருவருமே அந்தத் தோட்டாவாகத்தான் பேசுகிறார்கள். கோபம் இல்லை, வருத்தம் இல்லை. தோட்டாவுக்கு ஏது வருத்தம்? அந்த வருத்தமில்லாமைதான் கேட்கிறவன் வயிற்றைப் பிசைகிறது.

தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து அதைக் கேட்டது இப்போதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று எங்கள் பேட்டையிலும் பையன்கள் கும்பல் கும்பலாகச் சேர்ந்துகொண்டிருந்தார்கள், பாராங் கத்தி தூக்கினார்கள். அதைப் பெருமையாகப் பாடுகிற பாட்டுகளும் உண்டு, பாவம் என்று அறிவுரை சொல்கிற பாட்டுகளும் உண்டு. இந்த இருவரும் இரண்டையும் செய்யவில்லை. ஆயுதத்தின் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார்கள். பால் சி செத்து ஐந்து வருடத்தில் வந்த பாட்டு அது. அவரை நினைத்துத்தான் எழுதினார்களா என்றால், அப்படி நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாவு தெரிந்த பிறகு என்னால் அதை வேறு மாதிரிக் கேட்க முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்து, 1996இல், அதே குவீன்ஸைச் சேர்ந்த நாஸ் என்ற ராப் பாடகர் ஒரு துப்பாக்கியே பேசுவதாக ஒரு பாட்டு எழுதினார். அது உலகம் முழுக்கப் போயிற்று. பலருக்கு நாஸின் பாட்டு தெரியும், அதற்கு முன் வந்த தோட்டாவைத் தெரியாது. பெரிய கம்பெனிகளின் வெளிச்சத்துக்கு வராமல் ஓடுகிற அண்டர்கிரவுண்டு ராப்பை, தலைமறைவு ராப் என்று நாம் சொல்வதன் வலி அதுதான்.

எழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் எழுதுகிறவர்கள் என்பதால். நம் பாட்டில் எதுகை வரியின் ஆரம்பத்தில், இரண்டாவது எழுத்தில் விழும். ஆங்கிலத்தில் ஒலி வரியின் கடைசியில் சேரும், நம் இலக்கணத்தில் அதை இயைபு என்போம். மான்ச் அந்தக் கடைசி ஒலியோடு நிற்க மாட்டார். நாலைந்து அசையை மொத்தமாக எடுத்து, வரியின் நடுவிலும் அடுத்த வரியின் தொடக்கத்திலும் அதே ஓசையை மறுபடி மறுபடி அடிப்பார். தாளத்தைவிட்டு முன்னே ஓடி, கடைசி நொடியில் வந்து சேருவார். திருப்புகழைச் சந்தம் தவறாமல் வேகமாகப் பாடக் கேட்டிருக்கிறாயா? வல்லினம் அடுக்கடுக்காக விழும், மூச்சு எங்கே எடுத்தார் என்று தெரியாது. அதே வித்தைதான். கோயிலில் ஓதுவார் பாடும்போது உன் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு போய்க் கேள். ராப் எழுத அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பிரின்ஸ் போ வேறு மாதிரி. தாளத்தின் மேல் அழுத்தி உட்கார்ந்து பேசுவார், நிதானம். நிறையப் பேர் மான்ச்சின் வித்தையை மட்டும் பார்த்துவிட்டு இவரை இரண்டாம் ஆளாக எண்ணுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எசப்பாட்டில் ஒருவர் ஏறிப் பாடினால் எதிரே இருப்பவர் இறங்கிப் பிடிக்க வேண்டும், இருவரும் ஏறினால் பாட்டு உடைந்துவிடும். உருமிக் குழுவிலும் அதே கதை. உருமிக்காரர் தோலைத் தேய்த்து அழவைக்கிறார் என்றால் தப்பு என்ற பறையை அடிப்பவர் அசையாமல் நிற்பதால்தான் அது கேட்கிறது. இருபது வருடமாகத் திருவிழாக் குழுக்களுக்குப் பதிவு செய்து கொடுக்கிறேன், இதை ஒவ்வொரு குழுவிலும் பார்க்கிறேன்.

சரி, பிரிவுக்கு வருகிறேன்.

"ஸ்ட்ரெஸ்" வந்த 1994 ஒரு பொல்லாத வருடம். நாஸின் முதல் ஆல்பமும் நொடோரியஸ் பி.ஐ.ஜியின் முதல் ஆல்பமும் அதே வருடம். நியூயார்க் முழுக்க அந்தப் பேச்சு. ஹாலிவுட் பேசிக்கை ஆரம்பித்து நடத்திய ஃபங்கன்க்ளைன் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார், 1995இல் இறந்துபோனார். கம்பெனியும் அதோடு சரி. மூன்றாவது ஆல்பம் "தி ஈக்வினாக்ஸ்" 1997இல் பிரையாரிட்டி என்ற வேறு நிறுவனத்தில் வந்தது. பாட்டுகளுக்கு நடுவே நாடகம் மாதிரி ஒரு கதை ஓடும். அதில் இன்னும் பிறக்காத சிசு வயிற்றுக்குள்ளிருந்து பேசுகிற பாட்டு ஒன்று உண்டு. தோட்டாவுக்குக் குரல் கொடுத்தவர்கள் கருவுக்கும் கொடுத்தார்கள். எனக்கு அந்த ஆல்பம் முழுதாக ஒட்டவில்லை, நாடகம் பாட்டை இடிக்கிறது. ஆனால் அந்த ஒரு பாட்டுக்காக இன்றும் எடுத்துக் கேட்பேன்.

மூன்று ஆல்பம், ஆறு வருடம், இரண்டு கம்பெனி. மூன்றையும் விமர்சகர்கள் மதித்தார்கள், ஒன்றும் பெரிய வருமானம் தரவில்லை. அதற்குமேல் தனித்தனியாகப் போய்ப் பார்ப்போம் என்று இருவரும் முடிவெடுத்ததில் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை. ஒரே சம்பளத்தில் இரண்டு குடும்பம் நடத்த முடியாது என்பது தோட்டத்தில் பிறந்த உனக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

மான்ச் ராக்கஸ் நிறுவனத்துக்குப் போனார். அந்த நேரத்தில் தலைமறைவு ராப்பின் வீடு என்றால் அதுதான், மாஸ் டெஃபும் டாலிப் குவேலியும் அங்கேதான் இருந்தார்கள். 1999இல் "இன்டர்னல் அஃபேர்ஸ்". அதில் "சைமன் சேஸ்" என்ற பாட்டு கிளப் கிளப்பாக ஓடியது. இத்தனை வருடம் எழுத்துக்காகப் பாராட்டு வாங்கியவருக்கு முதல் தடவையாக ஊரே ஆடுகிற ஒரு பாட்டு. நான் முதலில் சொன்ன, பிரின்ஸ் போ வந்து பாடிய ஆல்பமும் இதுதான்.

அந்த வெற்றிதான் அடியும் கொடுத்தது. பாட்டின் உயிரே ஒரு பித்தளை வாத்திய முழக்கம். ஜப்பானிய காட்ஜில்லா படங்களுக்கு அகிரா இஃபுகுபே அமைத்த இசையிலிருந்து எடுத்தது. அதற்கு முறையான அனுமதி வாங்கவில்லை. வழக்கு வந்தது, ஆல்பமே விற்பனையிலிருந்து போயிற்று. வாழ்நாளின் பெரிய பாட்டு பல வருடம் கடையில் கிடைக்காமல் கிடந்தது. கூடவே ராக்கஸும் பெரிய நிறுவனத்தின் கைக்குப் போய்க் கரைந்தது. அடுத்த ஆல்பம் வர எட்டு வருடம், 2007இல் "டிசையர்".

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய காயம் உண்டு. பல வருடங்களுக்கு முன் நாலு தோட்டத்துப் பையன்கள் என் அறையில் ஒரு முழு ஆல்பம் பதிவு செய்தார்கள். நன்றாக வந்திருந்தது. தலைநகரிலிருந்து ஒரு கம்பெனி வந்து தாள் நீட்டியது. பெயர் வேண்டாம். கையெழுத்துப் போடுங்கடா, வாய்ப்பு திரும்ப வராது என்று சொன்னவன் நான். மூலப் பதிவை எடுத்துக்கொண்டு போனார்கள், வெளியிடவே இல்லை. கேட்டால் ஒப்பந்தப்படி அது அவர்கள் சொத்து. அந்தப் பையன்கள் தங்கள் பாட்டைத் தாங்களே வெளியிட முடியாமல் போயிற்று. ஒருவர் இப்போது ஈப்போவில் லாரி ஓட்டுகிறார், பார்த்தால் இன்றும் அன்பாகத்தான் பேசுவார், எனக்குத்தான் முகம் கொடுக்க முடியாது. அதற்குப் பிறகு தாளைப் படிக்காமல் யாரையும் நான் கையெழுத்துப் போடச் சொன்னதில்லை. உங்களிடம் யாராவது தாள் நீட்டினால் மூலப் பதிவு யாருக்குச் சொந்தம் என்ற வரியை முதலில் தேடு. எந்தப் படப் பாட்டிலிருந்தாவது துண்டு எடுத்திருந்தால் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேள்.

மான்ச் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். 2011இல் "டபிள்யூ.ஏ.ஆர்." ஆல்பத்தைத் தன் சொந்த நிறுவனத்திலேயே வெளியிட்டார், 2014இல் "பி.டி.எஸ்.டி."யையும். பின்னது மன அழுத்தத்தைப் பற்றிய ஆல்பம். அவருக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. அவ்வளவு நீளமான வரிகளை மூச்சுவிடாமல் பாடுகிறவர் என்று நாம் வியக்கிற ஆளுக்கு மூச்சுதான் பிரச்சினை. அதை மறைக்காமல் பாட்டாகவே எழுதியிருக்கிறார். 2021இல் ஒரு டிரம்மர், ஒரு கிதார்க்காரரோடு மூவர் குழுவாக இன்னொரு ஆல்பம் செய்தார்.

தோட்டாவையும் அவர் விடவில்லை. 1994இல் கூட்டாளியோடு பாடியதை 2007 ஆல்பத்தில் தனியாகத் தொடர்ந்தார், "பி.டி.எஸ்.டி."யில் மூன்றாவது பாகத்தையும் எழுதி முடித்தார். ஒரே தோட்டா, இருபது வருடம், மூன்று பாட்டு. முதல் பாட்டில் அது ஒரு தெருவில் பறக்கிறது. அடுத்தவற்றில் அதன் உலகம் விரிந்துகொண்டே போகிறது. வரிசையாக மூன்றையும் ஒரு ராத்திரி கேட்டுப் பாருங்கள்.

பிரின்ஸ் போவின் பாதை அமைதியானது. 2004இல் "தி ஸ்லிக்னெஸ்" என்ற தனி ஆல்பம், லண்டனின் லெக்ஸ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. டேஞ்சர் மவுஸ், மேட்லிப் போன்றவர்கள் தாளம் செய்து கொடுத்தார்கள், எம்.எஃப். டூம் ஒரு பாட்டில் வந்து பாடினார். தாளம் செய்த அந்த இருவரும் அவருக்குப் பின்னால் வந்து அவரைவிடப் பெயர் வாங்கியவர்கள். முன்னவர் கதவைத் தட்ட, பின்னவர்கள் எழுந்து நின்று வழி விட்டார்கள் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன். 2014இல் ஓ நோ என்ற தயாரிப்பாளரோடு இன்னொரு ஆல்பமும் செய்தார். கவனி, மான்ச்சின் "பி.டி.எஸ்.டி."யும் அதே வருடம். பிரிந்து பதினேழு வருடம் கழித்தும் இரண்டு பேரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நம் நாட்டில் இதற்கு நெருக்கமாக எதுவும் இல்லையா என்றால், உண்டு. பொயட்டிக் ஆமோ 1998இல் முதல் ஆல்பம் போட்டபோது ஆங்கிலம், மலாய், தமிழ், கேண்டனீஸ் எல்லாம் ஒரே கேசட்டில் இருந்தது. அதில் பாடிய யோகி பி பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரும் இருந்த நட்சத்திராவோடு சேர்ந்து 2006இல் "வல்லவன்" தந்தார். 1980இல் வந்த இளையராஜாவின் பாட்டை எடுத்து அவர்கள் செய்த "மடை திறந்து" தமிழ்நாடுவரை போய், அங்கே ஒரு தலைமுறையையே தமிழில் ராப் எழுத வைத்தது. அது வெளிவந்த வாரம் சுங்கை சிப்புட் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், எந்தப் பக்கம் நடந்தாலும் அந்தக் குரல்தான். அங்கே நின்று கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. பதினோரு வருடம் முன்னால் அகராதியோடு உட்கார்ந்து கேட்ட ஒன்றை, நம் ஆள் நம் மொழியில், அகராதி வேண்டாமல் பாடுகிறார்.

நீ கேட்காமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு, நீங்களும் பிரிந்துவிடுவீர்களோ என்று. உன் கூட்டாளிக்கு ஜொகூரில் வேலை கிடைத்திருப்பது எனக்குத் தெரியும், உங்கள் அம்மா கோயிலில் பார்த்தபோது சொன்னார். அவன் போகட்டும். போவதற்குள் இருக்கிற பாட்டுகளைப் பதிவு செய்துவிடுங்கள், யார் எந்த வரி எழுதினார் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நீ வாசித்துக் காட்டினாயே, பால் மங்கு, அதுதான் மரத்தில் பால் பிடிக்கிற கிண்ணம், பேசுகிற மாதிரி ஒரு பாட்டு, மரம் சாய்ந்த பிறகும் நிரையில் கவிழ்ந்து கிடந்து யாராவது வந்து துடைப்பார்களா என்று காத்திருக்கிற மங்கு. அதில் முதல் பாதி மங்கு பேசுகிறது, இரண்டாம் பாதியில் திடீரென்று நீ பேச ஆரம்பித்துவிடுகிறாய், தோட்டத்து மக்களின் துயரம் என்று. அங்கேதான் பாட்டு விழுகிறது. கடைசி வரைக்கும் மங்குவே பேசட்டும். உன் கூட்டாளியை இரண்டாவது மங்குவாகப் போடு, பக்கத்து மரத்து மங்கு. இருவரையும் பேசவிட்டுப் பார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வாருங்கள், உருமிக்காரர்கள் ஆறு மணிக்குத்தான் வருவார்கள், அதுவரை அறை காலியாகத்தான் இருக்கும்.